கோடைகால வருகைப் பதிவேடு

பாவம்னு சொல்லாதீங்க தம்பி. பேப்பர்ல அந்தப் போட்டோவைப் பாத்துட்டு நீங்க உச்சுக் கொட்டினது எனக்குக் கேட்டுச்சு. வாயில கறுப்புத் துணி கட்டிக்கிட்டு, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வரிசையா உக்காந்திருக்காங்க. நிரந்தரம் கேட்கிற கௌரவ விரிவுரையாளருங்க, பூராப் பேரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா விஷயம் தெரிஞ்சவனா சொல்றேன், இதுல பாவம் புண்ணியம்லாம் ஒண்ணும் கிடையாது. இது நிர்வாகம்.

நீங்க எதுவரைக்கும்? மதுரையா? அப்ப பஸ் போய்ச் சேர நேரம் இருக்கு. பையை மடியில வச்சுக்காதீங்க, மேல போடுங்க. ஒண்ணும் போகாது.

என் பேரு கோட்டைச்சாமி. கருவேலங்குடி அரசு கலைக் கல்லூரியில சூப்பிரண்டா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். இடையில ரெண்டு தடவை மாத்தல் போட்டாங்க, ரெண்டையும் கேன்சல் பண்ணி வாங்கிட்டேன். முப்பத்தாறு வருஷத்துல என் மேல வந்தது ஒரே ஒரு மெமோ. அந்த ஒண்ணும் எதுக்கு வந்துச்சுன்னா, இந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரி ஒருத்தராலதான். ஜெபக்கனின்னு பேரு. டாக்டர் ஜெபக்கனி. தாவரவியல்.

கௌரவ விரிவுரையாளர்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். கௌரவம்ங்கிறதை ஆளுக்குப் போட்ட வார்த்தைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்ல. அது சம்பளத்துக்குப் போட்ட வார்த்தை. சம்பளம்னு சொன்னா பின்னாடியே லீவு வரும், பென்ஷன் வரும், இன்கிரிமென்ட் வரும். மதிப்பூதியம்னு சொன்னா எதுவும் வராது. தனியா வரும், தனியாப் போகும். எங்க காலேஜ்ல அப்ப வாத்தியாருங்க அறுபது பேர். அதுல முப்பத்தஞ்சு பேர் இந்தக் கௌரவம்தான்.

அந்தம்மா மொதல்ல வந்தப்ப நான் அசிஸ்டென்ட்டு. அவங்களுக்கு முப்பத்திமூணு வயசு. கல்யாணம் ஆகி எங்க ஊருக்கு வந்தவங்க, வீட்டுக்காரர் மீன்வளத் துறையில டிரைவர். கடற்பாசியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாங்க. இன்டர்வியூ நாலு நிமிஷம். பிரின்சிபால் ரெண்டு கேள்வி கேட்டார், ஒண்ணு வீடு எங்க இருக்கு, இன்னொண்ணு பஸ் வசதி உண்டா. முடிஞ்சதும் என்கிட்ட அனுப்பிட்டார். ஏன்னா உறுதிமொழிப் பத்திரம் என்கிட்டதான் இருக்கும்.

அது ஒரு பக்கம். 'இப்பணி முற்றிலும் தற்காலிகமானது என்பதை அறிவேன், எந்தக் காலத்திலும் எந்தக் காரணம் கொண்டும் பணி நிரந்தரம் கோரமாட்டேன்' அப்படின்னு போகும். யாரும் படிக்க மாட்டாங்க. பேனா எங்கன்னுதான் கேப்பாங்க. இந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, மொத வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சாங்க. படிச்சுட்டு நிமிந்து பாத்தாங்க.

"சார், இதுல 'எந்தக் காலத்திலும்'னு இருக்கே."

"ஆமாம்மா."

"வேலை பத்து மாசத்துக்குத்தானே? அப்ப 'இந்தப் பத்து மாசத்தில்'னு போட்டா போதாதா?"

"அது ஒரு வழக்கம்மா. அச்சடிச்சு வந்துருச்சு."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க. கையெழுத்து அழகா இருக்கும். அதை நான் அன்னிக்கே கவனிச்சேன்.

முறிவுன்னு ஒண்ணு உண்டு. அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது. ஏப்ரல் முப்பதாந்தேதி சாயங்காலம் இவங்க எல்லாரையும் பணியிலேருந்து விடுவிக்கணும். ஜூன் பதினாறாந்தேதி காலையில மறுபடி சேத்துக்கணும். ஏன்னா ஒருத்தரைத் தொடர்ந்து வச்சிருந்தா அவருக்குத் தொடர்ச்சி வந்துடும். தொடர்ச்சி வந்தா உரிமை வந்துடும். அதனால நடுவுல முறிக்கணும். முப்பத்தஞ்சு பேருக்கும் விடுவிப்பு ஆணை, முப்பத்தஞ்சு பேருக்கும் சேர்ப்பு ஆணை, எல்லாம் நான்தான் தயார் பண்ணுவேன். ஒரு பிழை இருக்காது. வேற காலேஜ்லேருந்து வந்து என் மாதிரிப் படிவத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க.

மொத ஏப்ரல் ஆணையைக் கொடுத்தப்ப அந்தம்மா கேட்டாங்க. "சார், ஏப்ரல் முப்பது வரைக்கும் நான் விரிவுரையாளர். ஜூன் பதினாறுலேருந்து மறுபடி விரிவுரையாளர். நடுவுல நான் யாரு?"

கிண்டலாக் கேட்டாங்களா உண்மையாக் கேட்டாங்களான்னு தெரியல. கேள்வின்னு வந்தா பதில் சொல்லணும் இல்லையா? "நடுவுல நீங்க பொதுமக்கள் அம்மா"ன்னேன்.

ஆனா பாருங்க, மே மாசத்துலதான் காலேஜ்ல வேலையே. விண்ணப்பம் கொடுக்கணும், வாங்கணும், சரிபாக்கணும், சேர்க்கை நடத்தணும். நிரந்தரப் பேராசிரியருங்களுக்குக் கோடை விடுமுறை, அவங்க வரமாட்டாங்க. அவங்களைக் கூப்பிடவும் விதி இல்ல. அப்ப யாரு பாக்குறது? பிரின்சிபால் கௌரவ விரிவுரையாளருங்களுக்குப் போன் போட்டு, "கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்"னு சொல்வார். வருவாங்க. வரலைன்னா ஜூன்ல பேரு இருக்குமோ இருக்காதோன்னு அவங்களுக்கு ஒரு பயம். பிரின்சிபால் அப்படிச் சொன்னதே இல்ல, அதை நான் சத்தியமாச் சொல்வேன். அவங்களா நினைச்சுக்கிறதுக்கு நாம என்ன பண்றது?

இதுல எனக்கு ஒரு சிக்கல். வேலையில இல்லாத ஆளு காலேஜுக்குள்ள இருக்காங்க. எங்க காலேஜ்ல கட்டுவிரியன் உண்டு. பழைய கட்டடத்துல ஓடு விழும். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, யாரு இது, எப்படி உள்ள வந்தாங்கன்னு கேப்பான் இல்லையா? அதனால நான் ஒரு பதிவேடு போட்டேன். கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் எண். 'கோடைகால வருகைப் பதிவேடு'ன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டினேன். தேதி, பேரு, வந்த நேரம், வந்த நோக்கம், போன நேரம், கையொப்பம். கடைசியில என் மேலொப்பம். சாயங்காலம் எல்லாரும் போனதுக்கப்புறம் ஒவ்வொரு வரியா சரிபாத்துப் போடுவேன். வருஷத்துக்கு ஒண்ணு. பிரின்சிபால் மாறிக்கிட்டே இருந்தாங்க, பதிவேடு மாறல.

ஜெபக்கனி அம்மா ஒரு மே மாசம்கூட தவறினதில்ல. சேர்க்கை, விடைத்தாள் கட்டுக் கட்டுறது, உலர வச்ச செடிங்களுக்குப் பூச்சி மருந்து வைக்கிறது, இப்படி நோக்கம் கலத்துல சுருக்கமா எழுதுவாங்க. அதுவும் அழகாத்தான் இருக்கும்.

மூணாவது வருஷம் ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்னாங்க. நிமிந்து பாத்தேன், முகத்துல ஒரு மாதிரி வெக்கம்.

"சார், எனக்கு ஆகஸ்ட்ல டெலிவரி."

கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் கழிச்சு வந்த குழந்தை. எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன் மொதல்ல தேதியைத்தான் பாப்பான். மே மாசமா இருந்திருந்தா முறிவுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். அதைச் சொன்னேன்.

இவங்களுக்கு அப்ப மகப்பேறு விடுப்பு கிடையாது. அதனால 'சொந்தக் காரணத்தால் தன் விருப்பத்தின் பேரில் விலகல்'னு ஒரு கடிதம் வாங்கிக்கிட்டேன். அந்த இடத்துல வேற ஆளைப் போடாம இழுத்தடிச்சேன். எப்படி? கோப்பை மேசைக்கு அடியில வச்சுட்டேன். இதெல்லாம் யாரும் பேசமாட்டாங்க. நாப்பத்தொரு நாள்ல திரும்பி வந்துட்டாங்க. நாத்தனா குழந்தையைத் தூக்கிட்டு வந்து, செடிங்களை அடுக்கி வச்சிருக்கிற ரூமுக்குப் பின்பக்கமாப் போவாங்க. ரெண்டு பீரியடுக்கு நடுவுல இந்தம்மா போய்ப் பால் கொடுத்துட்டு வருவாங்க. வளாகத்துக்குள்ள கைக்குழந்தையை அனுமதிக்க விதி இல்ல. நான் பாக்கலைன்னு வச்சுக்கிட்டேன். பாத்தா குறிப்பு எழுதணும். பாக்கலைன்னா எழுத வேண்டியதில்ல. கேட் பக்கம் போக வேண்டிய வேலையைக்கூட அந்த நேரத்துல ஒத்திப் போட்டுடுவேன்.

உபகாரம் பண்ணினேன்னு சொல்லல. நடந்ததைச் சொல்றேன்.

அப்புறம் அந்த ஸ்டூல் விஷயம். அதையும் சிலபேர் என் மேல சொல்வாங்க. தாவரவியல் துறையில நாற்காலி ஆறு. நிரந்தர ஆளுங்க ஆறு பேர். ஜெபக்கனி அம்மா சோதனைக்கூடத்து ஸ்டூலைத் துறைக்குள்ள போட்டு உக்காந்துக்குவாங்க. முதுகு சாய முடியாது. பிரசவத்துக்கு அப்புறம் இடுப்பு வலின்னு ஒரு நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்தாங்க. நான் பரிசீலிச்சேன். 'தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தரத் தளவாடம் ஒதுக்க விதியில் இடமில்லை'ன்னு குறிப்பு எழுதினேன். சரிதானே? நாளைக்குத் தணிக்கை வந்து ஏழாவது நாற்காலி யாருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அந்த ஆறு பேர்ல மூணு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ரிட்டையர் ஆகி, அந்த நாற்காலிங்க காலியாவே கிடந்துச்சு. ஆனா அது அந்தப் பணியிடத்துக்கான நாற்காலி. பணியிடம் காலியா இருந்தா நாற்காலியும் காலியாத்தான் இருக்கணும்.

இப்படிப் பதினாலு வருஷம் போச்சு. நான் சூப்பிரண்டு ஆயிட்டேன். அவங்களுக்கு முன் முடி நரைச்சுப் போச்சு. அவங்ககிட்டப் படிச்ச பிள்ளைங்க எங்கெங்கயோ போயிட்டாங்க.

அப்பத்தான் நிரந்தர உதவிப் பேராசிரியர் எடுக்கிறாங்கன்னு அறிவிப்பு வந்துச்சு. பரீட்சை கிடையாது. படிப்புக்கு மார்க், நேர்காணலுக்கு மார்க், அனுபவத்துக்கு மார்க். ஒரு வருஷ அனுபவத்துக்கு ரெண்டு மார்க்கு. காலேஜே பேசிக்கிச்சு, மத்தவங்களுக்குக் கிடைக்குதோ இல்லையோ, ஜெபக்கனிக்கு நிச்சயம்னு. அன்னிக்கு அவங்க ஆபீசுக்கு வந்தப்ப முகமே வேற மாதிரி இருந்துச்சு. என் பியூனுக்குக்கூட மிட்டாய் கொடுத்தாங்க.

"சார், அனுபவச் சான்றிதழ் வேணும். பதினாலு வருஷம்."

நான் அன்னிக்கு மத்தியானம் சாப்பிடாம உக்காந்து தயார் பண்ணினேன். ஒவ்வொரு சேர்ப்பு ஆணையும், ஒவ்வொரு விடுவிப்பு ஆணையும் எடுத்து, தேதி வாரியா எழுதினேன். ஜூன் பதினாறு முதல் ஏப்ரல் முப்பது வரை. மறுபடி ஜூன் பதினாறு முதல் ஏப்ரல் முப்பது வரை. அந்தப் பிரசவ வருஷம் மட்டும் ரெண்டு துண்டு. மொத்தம் பதினஞ்சு துண்டு. டைப் பண்ணி, ஒப்பிட்டுப் பாத்து, முத்திரை வச்சுக் கொடுத்தேன்.

வாங்கிப் பாத்தாங்க.

"சார், 'தொடர்ச்சியாக'ன்னு ஒரு வார்த்தை போடக் கூடாதா?"

"எப்படிம்மா போடுறது? முறிவு இருக்கே."

"முறிவுல நான் இங்கதானே சார் இருந்தேன்? உங்க எதிர்ல இருந்த மேசையிலதானே உக்காந்திருந்தேன்?"

"இருந்தீங்க. பணியில இல்ல."

பாருங்க தம்பி, பதினாலு வருஷமா நானே முறிச்சுக் கையெழுத்துப் போட்டதை நானே ஒட்டி எழுத முடியுமா? அவங்க சான்றிதழை மடிக்காம ஒரு பிளாஸ்டிக் கவர்ல வச்சு எடுத்துட்டுப் போனாங்க.

நேர்காணல் போனாங்க. அங்க குழு என்ன சொல்லிடுச்சுன்னா, அனுபவம்னா பன்னெண்டு மாசம் முழுசா இருக்கணும். பத்தரை மாசம் ஒரு வருஷம் ஆகாது. பதினஞ்சு துண்டுல ஒரு துண்டும் முழு வருஷம் ஆகல. அனுபவத்துக்கு அவங்களுக்குப் போட்ட மார்க் பூஜ்யம்.

எங்க காலேஜுக்குத் தாவரவியலுக்குத் தேர்வாகி வந்தவர் பேரு தனசீலன். ஒரு தனியார் காலேஜ்ல ஏழு வருஷம் முறிவில்லாமச் சான்றிதழ் வாங்கினவர். நல்ல பையன். ஜெபக்கனி அம்மாகிட்ட மூணு வருஷம் படிச்ச பையன்.

அவர் சேர வந்த அன்னிக்கு நான் துறைக்குக் கூட்டிட்டுப் போனேன். இதுதான் சார் உங்க நாற்காலின்னு காட்டினேன். ஜெபக்கனி அம்மா ஸ்டூல்ல உக்காந்து ரெக்கார்டு நோட்டு திருத்திக்கிட்டு இருந்தாங்க. அவரைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க தனசீலன், வாழ்த்துகள்"னாங்க. அந்த ஆளு நாற்காலிப் பக்கம் போகவே இல்ல. "மேடம், நீங்க உக்காருங்க"ன்னார். "நீங்க உக்காருங்க சார்"னு இவங்க சொன்னாங்க. சார்னதும் அந்தப் பையன் கண்ணு கலங்கிட்டான். ரெண்டு பேரும் நிக்கிறாங்க, நாற்காலி காலியா இருக்கு. நான் சேர்ப்பு அறிக்கையில கையெழுத்து வாங்கணும், பதினோரு மணிக்கு மேல போனா அன்னிக்கு முற்பகல்ல சேந்ததாக் கணக்கு வராது. கடைசியில அவர் நின்னுக்கிட்டே போட்டுக் கொடுத்தார்.

அதுக்கப்புறம் அவர் ஆறு மாசம் அந்த நாற்காலியில உக்காரல. அது எனக்கு ஒரு நிர்வாகப் பிரச்னையாவே இருந்துச்சு.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

ம். அந்த வருஷம்தான் தபால்ல ஒரு மனு வந்துச்சு. தகவல் அறியும் உரிமைச் சட்டம். அனுப்புநர் டாக்டர் ஜெபக்கனி, தாவரவியல் துறை. இருபதடி தூரத்துல உக்காந்திருக்கிறவங்க, பதிவுத் தபால்ல அனுப்பியிருக்காங்க. என்ன கேட்டிருக்காங்க? கடந்த பதினாலு வருஷத்துக்கான கோடைகால வருகைப் பதிவேட்டோட சான்றிட்ட நகல். தகவல் அலுவலர் நான்தான். பிரின்சிபால்கிட்டக் கொண்டு போய்க் காட்டினேன்.

அவர் படிச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டி வச்சார். "கோட்டைச்சாமி, இது கோர்ட்டுக்குப் போறதுக்கு. அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படலைன்னு எழுதி அனுப்பிடுங்க."

"சார், பதிவேடு இருக்கு."

"இருக்கட்டும். அரசாங்கம் கேட்டு நாம போட்ட பதிவேடா அது? நீங்களா போட்டது. இல்லைன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

தம்பி, எனக்கு அந்தம்மா மேல விசேஷமா ஒரு பரிவும் கிடையாது. ஸ்டூல்ல உக்காந்தவங்க முப்பத்தஞ்சு பேர், அவங்க ஒருத்தர். ஆனா அந்த வார்த்தை இருக்கே, 'பராமரிக்கப்படவில்லை', அது என்னால ஜீரணிக்க முடியல. பதினாலு பதிவேடு. ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல, ஒரு பக்கம் கிழியல. கரையான் வந்தப்ப பீரோவையே மாத்தினவன் நான். எனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்குக்கூட சாயங்காலம் ஒரு ஆட்டோ பிடிச்சு வந்து மேலொப்பம் போட்டிருக்கேன். அதைப் போய் இல்லைன்னு நானே எழுதணுமாம்.

பத்து நாள் ஆச்சு. நானூத்திப் பன்னெண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'உண்மை நகல்', கையெழுத்து, முத்திரை. முத்திரை மை ரெண்டு டப்பா தீந்துச்சு. பெரிய உறையில போட்டு, பதிவுத் தபால்லயே அனுப்பினேன். இருபதடி தூரம்தான். ஆனா அவங்க தபால்ல கேட்டா நாமளும் தபால்லதான் கொடுக்கணும்.

அதுக்குத்தான் அந்த மெமோ. 'மேலதிகாரியின் வாய்மொழி அறிவுறுத்தலுக்கு மாறாக' அப்படின்னு ஆரம்பிச்சு ஒண்ணரைப் பக்கம். ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு கேட்டிருந்தார். ரிட்டையர்மென்டுக்கு மூணு வருஷம் இருக்கு. வீட்டுல என் சம்சாரம் அழுதா. "யாரோ ஒரு பொம்பளைக்காக உங்களுக்கு இது தேவையா?"ன்னு கேட்டா. நான் யாருக்காகவும் பண்ணலடின்னு சொன்னா அவளுக்குப் புரியல. விளக்கம் ரெண்டே வரிதான் எழுதினேன். 'பதிவேடு உள்ளது. ஆகவே இல்லை என எழுத இயலவில்லை.' அதோட அந்தக் கோப்பு நின்னு போச்சு. முடிக்கவும் இல்ல, தொடரவும் இல்ல. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அது என் தலைக்கு மேலயே இருந்துச்சு.

வழக்கு ஹைகோர்ட்டு மதுரைக் கிளையில நடந்துச்சு. காலேஜ் தரப்புல, மே மாசம் மனுதாரர் பணியில் இல்லைன்னு சொல்லிட்டாங்க. நீதிபதி, அசல் பதிவேட்டோட பொறுப்பான அலுவலர் நேர்ல வரணும்னுட்டார். பொறுப்பான அலுவலர்னா யாரு? பதினாலு பதிவேட்டையும் ரெண்டு சாக்குப் பையில போட்டு, இதே பஸ்லதான் போனேன். லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன்.

நீதிபதி எனக்காகத் தமிழ்லயே பேசினார். ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பாத்துட்டுக் கேட்டார், "இது யார் எழுதினது?"

"பேரும் நோக்கமும் அவங்கவங்க எழுதினதுங்கய்யா. மேலொப்பம் என்னுது."

"வந்த நோக்கம், 'மாணவர் சேர்க்கைப் பணி'ன்னு இருக்கு. அப்ப வேலை பாத்திருக்காங்க?"

"வேலை பாத்தாங்களான்னு பதிவேட்டுல கலம் இல்லங்கய்யா."

"நோக்கம்னு கலம் இருக்கே?"

"இருக்குங்கய்யா."

"அவங்க எழுதின நோக்கம் பொய்யா?"

கோர்ட்டே என்னைப் பாக்குது. எங்க பிரின்சிபால் மூணாவது வரிசையில உக்காந்திருக்கார். காலேஜ் வக்கீல் என்கிட்ட முன்னாடியே சொல்லித்தான் கூட்டிட்டு வந்தார், தெரியாதுன்னு சொல்லுங்கன்னு. தெரியாதுன்னா என்ன அர்த்தம்? சரிபாக்காம மேலொப்பம் போட்டேன்னு அர்த்தம்.

"பொய்க்கு நான் மேலொப்பம் போட மாட்டேங்கய்யா"ன்னு சொன்னேன்.

அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. வெளிய வந்ததும் எங்க வக்கீல் என்கிட்டப் பேசாமப் போயிட்டார். ஜெபக்கனி அம்மா வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு, அந்தச் சாக்கையும் தூக்கணும். நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

முறிவு செல்லாது, பணி தொடர்ச்சியானதுன்னு தீர்ப்பு வந்துச்சு. பன்னெண்டு வாரத்துல நிரந்தரம் பண்றதைப் பரிசீலிக்கணும்னு. பரிசீலிச்சாங்க. பரிசீலிச்சு நிராகரிச்சாங்க. அந்த நிராகரிப்பு ஆணைக்கு வரைவு எழுதினதும் நான்தான், அது என் இருக்கையோட வேலை. அதுக்கு மேல அவங்க மறுபடி வழக்கு, அப்புறம் அரசாங்கம் மேல்முறையீடு, அப்புறம் அவமதிப்பு வழக்கு. அதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிட்டேன். பத்து வருஷம் இழுத்துச்சு. அத்தனை வருஷமும் அவங்க பாடம் எடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க, அதே துறையில, அதே சம்பளத்துல, மதிப்பூதியத்துலன்னு சொல்லணும்.

போன வருஷம் ஆணை வந்துச்சு. பணி நிரந்தரம். அவங்களுக்கு அம்பத்தெட்டு வயசு முடிஞ்சு நாலு மாசம். சேந்த நாள்லேருந்து ரெண்டு வருஷம் தகுதிகாண் பருவம். அறுபதுல ரிட்டையர்மென்ட். அதாவது, நிரந்தரமா இருக்கத் தகுதி உண்டான்னு அரசாங்கம் பாத்து முடிக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடியே அவங்க ஓய்வு பெறணும். விதி அப்படி இருக்கு. அதுல ஒண்ணும் பண்ண முடியாது.

கௌரவ விரிவுரையாளர் சங்கத்துக்காரங்க ஒரு பாராட்டுக் கூட்டம் வச்சாங்க. அந்தம்மாவோட வக்கீலுக்குப் பொன்னாடை, சங்கத் தலைவருக்குப் பொன்னாடை. தனசீலன் பேசினாராம். 'அலுவலகத்தின் அடக்குமுறை'ன்னு ஒருத்தர் அரைமணி நேரம் பேசினாராம். அலுவலகம்னா யாரு? நான்தானே. எனக்கு அழைப்பே இல்ல. நான் போயிருக்கவும் மாட்டேன், அது வேற. ஆனாலும் மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை நேரா அவங்க வீட்டுக்கே போயிட்டேன்.

வாசல்ல செடிங்களுக்கு நடுவுல குத்த வச்சு உக்காந்திருந்தாங்க. கையெல்லாம் மண்ணு. "வாங்க சார், வாங்க"ன்னு எந்திரிச்சு, மகனைக் காபி போடச் சொன்னாங்க. இருபத்திரெண்டு வயசுப் பையன், நல்லா வளந்திருந்தான். நான் சுத்தி வளைக்காமக் கேட்டுட்டேன்.

"அம்மா, என் மேல உங்களுக்கு ஏதும் வருத்தம் உண்டா?"

உடனே இல்லைன்னு சொல்வாங்கன்னுதான் நினைச்சேன். யாரும் அப்படித்தான் சொல்வாங்க. அவங்க கையைக் கழுவிக்கிட்டே யோசிச்சாங்க.

"முறிவு, சான்றிதழ், அதெல்லாம் உங்க வேலை சார். அதுல வருத்தப்பட்டு முடிச்சுட்டேன். ஒண்ணுதான் இருக்கு. இத்தனை வருஷத்துல எத்தனை மணிக்கு வந்தீங்க, எத்தனை மணிக்குப் போனீங்கன்னு கேட்டிருக்கீங்க. இன்னிக்கு என்ன பாடம் எடுத்தீங்கன்னு ஒருநாள்கூட நீங்க கேட்டதில்ல."

அதைக் கேக்கறது என் கடமைப் பட்டியல்ல இல்ல. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. ஏனோ சொல்லல.

"சரிம்மா. என்ன பாடம் எடுத்தீங்க?"ன்னு கேட்டேன்.

சிரிச்சாங்க. நான் உண்மையாத்தான் கேட்டேன்னு தெரிஞ்சதும் சிரிப்பை நிறுத்திட்டாங்க. என்னைக் கூட்டிட்டுப் போய், வேலி ஓரத்துல கிடந்த தொட்டாச்சிணுங்கியைக் காட்டினாங்க. விரலை வச்சதும் இலை மூடிக்கிச்சு. அது சின்ன வயசுலேருந்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா ஏன் மூடுதுன்னு அவங்க சொன்னாங்க பாருங்க. காம்பு அடியில சின்னதா ஒரு முடிச்சு, அதுக்குள்ள தண்ணி, தொட்டதும் அந்தத் தண்ணி ஒரு பக்கத்துலேருந்து வெளிய போயிடுமாம். குச்சியை எடுத்து மண்ணுல படம் போட்டுக் காட்டினாங்க. அந்தம்மா குரலே வேற மாதிரி இருந்துச்சு தம்பி. இத்தனை வருஷமா எனக்குத் தெரிஞ்ச குரல், 'சார், ஒரு சின்ன விண்ணப்பம்'ங்கிற குரல்தான். இது அது இல்ல. காபி ஆறிப் போச்சு. நான் பக்கத்துல குத்த வச்சு உக்காந்துட்டேன். முட்டி வலி உள்ளவன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு ஒரு தயக்கம். கையைக்கூட லேசாத் தூக்கிட்டேன்னு நினைக்கிறேன். "அம்மா, ராத்திரியில யாரும் தொடுறதில்லையே, அப்பவும் இது மூடிக்குதே, அது ஏன்?"னு கேட்டேன்.

அவங்க குச்சியைக் கீழ வச்சாங்க. என்னைப் பாத்தாங்க. "நல்ல கேள்வி சார்"னாங்க.

முப்பத்தாறு வருஷ சர்வீஸ் தம்பி. பிரின்சிபால் பதினோரு பேர், இயக்குநருங்க எத்தனையோ பேர். ஒருத்தர் வாயிலேருந்தும் என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல.

அன்னிக்கே அதை எழுத்துபூர்வமா வாங்கியிருக்கலாம். தோணல.